மரத்தடிக் குழுப்படமும் துணி மலையும்

பள்ளி இறுதியாண்டு மாணவரைத் தனியே திறந்தவெளியில் நிறுத்திப் படமெடுப்பது அமெரிக்காவில் வேரூன்றிய வழக்கமாகும். தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியில் அதற்கு இணையாக நெடுங்காலம் நிலவியது, ‘குரூப் போட்டோ’ எனப்படும் வகுப்புக் குழுப்படமே. ஆசிரியர்கள் நடுவே நாற்காலிகளில் அமர, மாணவர்களில் சிலர் தரையில் சம்மணமிட, எஞ்சியோர் பின்னால் பெஞ்சுகளின்மேல் அடுக்கடுக்காக நிற்க, வகுப்பும் ஆண்டும் எழுதிய சிலேட்டு முன்வரிசையின் காலடியில் சாய்த்து வைக்கப்பட்டது. வகுப்பறையில் வெளிச்சம் போதாமையும், ஐம்பது பேரை ஒரே படத்தில் அடக்கத் தொலைவு வேண்டியிருந்தமையுமே இதனை மரத்தடிக்குக் கொண்டுவந்தன. அழகுணர்ச்சிக்கு அதில் பெரிய பங்கில்லை.

தனிப்படமோ ஸ்டூடியோவுக்குள், தீட்டிய திரைச்சீலையின் முன் எடுக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை வாசலிலேயே நிற்க, துணியில் வரைந்த மலையைப் பின்னணியாகக் கொண்டது வேடிக்கைதான். ஆயினும் அதற்குக் காரணம் இருந்தது. உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளை உள்நாட்டிலேயே தயாரித்த காலத்திலும், சதுரப் படம் பன்னிரண்டே தரும் 120 சுருளை ஒரே மாணவருக்காக ஆற்றங்கரையில் செலவிடுவது கட்டுப்படியாகவில்லை. தேனி அல்லிநகரத்து இயக்குநர் பாரதிராஜா 1977-இல் ‘16 வயதினிலே’ வாயிலாகத் திரைப்படக் கேமராவை அரங்கிலிருந்து வெளியே கொண்டுவந்த பின்னரும், மாணவரின் தனிப்படம் திரைச்சீலையை விட்டு நகரவில்லை.

சுருளின் செலவை ஒழித்த டிஜிட்டல் கேமராவே, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் பூங்காவையும் மேகமலைத் தேயிலைச் சரிவுகளையும் படப் பின்னணியாக்கியது. குழுப்படத்தில் மட்டும் நடு நாற்காலி இன்றும் தலைமையாசிரியருக்கே உரியது.