முகம் சிதைந்தவர்களுக்கு ஒரு முகவரிச் சீட்டு

முதல் உலகப் போரில் காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய், தன் அறுவை சிகிச்சை எங்கே நடக்க வேண்டும் என்று பெரும்பாலும் தானே தீர்மானித்ததில்லை. சீருடையில் கட்டிய சீட்டு காட்டிய வழியில்தான் ரயிலும் கப்பலும் அவரைக் கொண்டுசென்றன. அந்தச் சீட்டையே தன் கருவியாக்கிக்கொண்டவர் நியூசிலாந்தில் பிறந்த மருத்துவர் ஹெரால்ட் கில்லிஸ். 1916இல் ஆல்டர்ஷாட் ராணுவ மருத்துவமனையில் முகச் சீரமைப்பைத் தொடங்கிய அவர், தன் முகவரியிட்ட சீட்டுகளைச் சொந்தச் செலவில் வாங்கிப் போர்முனைக்கு அனுப்பச் செய்தார். அவை வேலை செய்தன. சொல்லப்போனால், அளவுக்கு மீறியே. ஜூலையில் சோம் போர் மூண்டபோது, 200 பேரை எதிர்பார்த்த இடத்தில் சுமார் 2,000 பேர் வந்து குவிந்தனர். 1917இல் சிட்கப்பில் முகக்காயங்களுக்கென்றே குயின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே 5,000க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். பலர் மீண்டும் மீண்டும் அறுவை மேசைக்குப் போக வேண்டியிருந்தது.