எவரும் எடுக்காத பிள்ளை

போன செப்ரெம்பரில் பேரன் ஐஸ் ஹொக்கி தெரிவுக்குப் போய்விட்டு வந்தான். குழுவின் பட்டியலில் அவனுடைய பெயர் இல்லை. பையை வாசலில் போட்டுவிட்டு, "அம்மப்பா, என்னை ஒருத்தரும் பார்க்கவேயில்லை" என்றான். ஐஸில் நிற்கவே தெரியாத நான் என்ன சொல்வது? மார்க் ஜியோர்டானோவின் கதையைச் சொன்னேன்.

அவர் 1983 இல் இதே ரொறன்ரோவில் பிறந்தவர். 16 முதல் 20 வயது வரையான பிள்ளைகள் ஆடுவது ஒன்ராறியோ ஹொக்கி லீக். அதன் குழுக்கள் 15, 16 வயதிலேயே பிள்ளைகளை முறைவைத்துத் தெரிந்தெடுத்துவிடும். அந்த வயதில் பாதிப்பேர் வளர்ந்தே முடிந்திருக்க மாட்டார்கள். எனக்கு இது நியாயமாகப் பட்டதேயில்லை. ஓர் ஆட்டத்தில் 20 பேருக்குத்தான் இடம், அதிலும் இருவர் கோல் காப்பாளர்கள்.

ஜியோர்டானோவை எந்தக் குழுவும் எடுக்கவில்லை. பிரம்டனில் கீழ்மட்டக் குழுவொன்றில் ஆடிக்கொண்டிருந்தார். 2002 இல், வயது 19 ஆகப்போகும் நேரத்தில், ஓவன் சவுண்ட் அட்டாக் குழுவில் புதுமுகமாக இடம் பிடித்தார். அவருடைய வயதுக்காரர் பலர் அதற்கு முன்பே அந்த லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஓவன் சவுண்ட் ஜோர்ஜியன் குடாக் கரையில் உள்ள சின்ன ஊர், இருபதாயிரம் சொச்சம் சனம். குழு 1989 இல் குவெல்ஃபிலிருந்து வந்தது. 2000 இல் அது கைமாற வேண்டி வந்தபோது ஊர்க்காரர்களே கூட்டாக வாங்கி, அட்டாக் என்று பெயர் மாற்றி, ஊரோடு வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் இந்தப் பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்தார்.

இரண்டு பருவம் நன்றாக ஆடியும் என்.எச்.எல். குழுக்களும் அவரை எடுக்கவில்லை. யோர்க் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்க ஆயத்தமானபோது, 2004 இல் கல்கரி ஃபிளேம்ஸ் கோடைகாலப் பயிற்சி முகாமுக்கு அழைத்தது. அங்கேயும் உடனே இடமில்லை, முதலில் கீழ் லீக். 2007 இல் ஒப்பந்தம் சரிவராமல் மொஸ்கோவுக்குப் போய் ஒரு வருடம் ஆடினார். திரும்பி வந்து 2013 இல் கல்கரியின் தலைவரானார். 2019 இல், 35 வயதில், சிறந்த பின்வரிசை ஆட்டக்காரருக்கான நொரிஸ் கிண்ணம் கிடைத்தது.

பேரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டான்: "ஓவன் சவுண்ட் எடுக்கேக்க அவருக்கு எத்தனை வயசு?"

"பத்தொன்பது ஆகப்போகுது."

"எனக்கு இப்ப பதினாலுதானே."

பையைத் தூக்கிக்கொண்டு கீழே போய், நனைந்த உடுப்புகளைக் காயப்போட்டான். பேஸ்மென்றில் அந்த மணம் இன்னும் போகவில்லை.