இரவெல்லாம் ஓடிய கணினி

பென் டிரைவைச் செருகினால் டிவியிலேயே படம் ஓடுகிற காலம் இது. 2006ல் அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோவை ஊருக்கு அனுப்ப நான் பட்ட பாடு இருக்கிறதே! கணினியில் இருந்த ஏவிஐ கோப்பை அப்படியே வட்டில் எழுதி அனுப்பினேன். "ஒண்ணுமே வரலடா" என்றாள் அம்மா போனில்.

1995ல் வகுத்த டிவிடி தரம் கேட்பது எம்பெக்-2 வீடியோ. நம் பிஏஎல் முறையில் 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம்கள். 1993ல் வந்த விசிடிக்கு எம்பெக்-1, 352×288 போதும். ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்து மறுபடி சுருக்கவேண்டும் என்பதால், ஒரு வட்டுக்கே என் கணினி இரவெல்லாம் ஓடியது. பிறகு வீடியோ_டிஎஸ் ஃபோல்டரில் விஓபி கோப்புகளாக அடுக்கவேண்டும். 4.7 ஜிபி வட்டை விண்டோஸ் 4.38 என்று காட்டும். கணக்கு இடிக்கிறதே என்று பார்த்தால், வட்டுக்காரருக்கு ஆயிரம், விண்டோஸுக்கு 1024!

இடம் போதாமல் மூலக் கோப்பை அழித்துவிட்டேன். அதுதான் தப்பு. டிவிடி-ஆர் வட்டில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. வருடங்கள் போனால் அது கெட்டுப்போகும். போன மாதம் வட்டைப் போட்டேன், பாதியில் நின்றுவிட்டது. மிஞ்சியது, அப்பா சிரிக்கிற 22 நிமிடம். அப்பா இப்போது இல்லை.

உங்கள் பீரோவிலும் இப்படி வட்டுகள் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே விஓபி கோப்புகளை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.