செங்கொடியும் ஹிஜாபும் ஒரே வீதியில்

இடதுசாரி என்றால் தொழாதவன் என்பதுதான் எங்கட வாப்பாமார் காலத்து ஊர்ப் பேச்சு. ஆனால் எங்கட சாச்சா ஒருவர் சமசமாஜக் கட்சிக் கூட்டங்களுக்கும் போவார், ஜும்ஆவையும் விடமாட்டார். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்திருந்தார் என்று நான் கேட்டதில்லை. 2003 பெப்ரவரி 15ஆம் திகதி லண்டனில் நடந்த யுத்த எதிர்ப்பு ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவு, கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. அப்போது அவர் மவுத்தாகி இருந்தார்.

அந்த ஊர்வலம் திடீரென்று முளைத்ததல்ல. 1999 நவம்பரில் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டை முடக்கிய கூட்டத்தில் தொழிற்சங்கத்தாரும் சூழலியலாளரும் மாணவரும் கலந்திருந்தனர். 2001 ஜூலையில் ஜெனோவாவில் கார்லோ ஜூலியானி என்ற 23 வயது இளைஞர் பொலிஸாரின் சூட்டில் இறந்தார். இவ்வியக்கத்தில் பலருக்குக் கட்சி என்றாலே கசப்பு. பிரேசிலில் தொடங்கிய உலக சமூக மன்றத்தின் சாசனமே கட்சிப் பிரதிநிதிகளுக்கு இடமில்லை என்றது. அதிகாரத்தைப் பிடிக்காமலே உலகை மாற்றலாம் என்று ஜோன் ஹொலோவே 2002இல் நூல் எழுதினார். தொழிலாளர் வர்க்கமும் அதற்கொரு கட்சியும் இல்லாமல் வீதி மட்டும் எதைச் சாதிக்கும் என்று சோஷலிஸ்டுகள் திருப்பிக் கேட்டனர்.

செப்டம்பர் 11க்குப் பிறகு கேள்வி வேறானது. பத்தே நாளில், 2001 செப்டம்பர் 21இல், லண்டனில் யுத்த எதிர்ப்புக் கூட்டணி அமைந்தது. அதில் முன்னின்ற சோஷலிசத் தொழிலாளர் கட்சியினர் யுத்தத்தை அதே முதலாளித்துவத்தின் இன்னொரு முகமாகக் கண்டனர். பெப்ரவரி ஊர்வலத்தை இக்கூட்டணியும் அணுவாயுத எதிர்ப்பு இயக்கமும் பிரித்தானிய முஸ்லிம் சங்கமும் சேர்ந்தே நடத்தின. பொலிஸ் கணக்கிலேயே ஏழரை இலட்சம் பேர்.

இந்தச் சேர்க்கைக்கு இடதுசாரிகள் தேடிய நியாயம் கிறிஸ் ஹார்மன் 1994இல் எழுதிய நீண்ட கட்டுரையில் இருந்தது. இஸ்லாமியவாதம் பாசிசமும் அல்ல, முற்போக்கும் அல்ல. சோஷலிஸ்டுகள் அதனிடமிருந்தும் அரசிடமிருந்தும் சுயாதீனமாக நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அவர் எழுதியது அல்ஜீரியா, எகிப்து, ஈரான் போன்ற நாடுகளின் அரசியல் இயக்கங்கள் பற்றி. பேர்மிங்ஹாமில் டெக்சி ஓட்டுகிறவருக்கும், கிழக்கு லண்டன் தையற்கடைத் தொழிலாளியின் மகளுக்கும் அதை அளவுகோலாக வைத்தது எனக்கு இன்றுவரை பொருந்தாத சட்டையாகவே தெரிகிறது. அவர்களைத் தொழிலாளராகப் பார்க்காமல் ‘மதப் பிரச்சினை’யாகப் பார்த்த பிழை நண்பர்களிடமும் இருந்தது, எதிரிகளிடமும் இருந்தது.

பிரான்ஸில் நிலைமை இன்னும் மோசம். 2004இல் பாடசாலைகளில் ஹிஜாபைத் தடைசெய்த சட்டத்தை ஒரு ட்ரொட்ஸ்கியக் கட்சியே ஆதரித்தது. 2010இல் முதலாளித்துவ எதிர்ப்புப் புதுக் கட்சி தலையை மறைத்த இல்ஹாம் மூசைதைப் பிராந்தியத் தேர்தலில் நிறுத்தியபோது, கட்சிக்குள்ளேயே சண்டை மூண்டது.

பிரித்தானியாவில் வீதி உறவு ‘ரெஸ்பெக்ட்’ என்ற கட்சியாகி 2004 ஜனவரியில் பிறந்தது. அடுத்த ஆண்டு பெத்னல் கிரீன் தொகுதியில் ஜோர்ஜ் கலோவே 823 வாக்குகளால் தொழிற்கட்சியைத் தோற்கடித்தார். சல்மா யாக்கூப் 2006இல் பேர்மிங்ஹாம் நகரசபைக்குத் தெரிவானார். 2007இல் கட்சி பிளந்தது. ஊர்ப் பெரிய மனிதரின் வாக்குவங்கியை நம்பிவிட்டார்கள் என்றது சோஷலிஸ்ட் தரப்பு; எல்லாவற்றையும் தங்கள் பிடிக்குள் வைக்கப் பார்த்தார்கள் என்றது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை உண்டென்பது என் கருத்து. ஊர்வலத்துக்கு ‘யுத்தம் வேண்டாம்’ என்ற ஒரே சொல் போதும். தேர்தலுக்கோ எந்த வட்டாரம், யார் வேட்பாளர், யார் சொன்னால் எத்தனை வாக்கு விழும் என்றெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கட கிழக்கில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் என்னை அதிகம் உறுத்துவது கட்சி உடைந்ததல்ல. அந்த ஜனவரியில், ஸ்கொட்லாந்தின் மதர்வெல்லில், இரண்டு ரயில் சாரதிகள் வளைகுடாவுக்கான வெடிமருந்து ஏற்றிய சரக்கு ரயிலை ஓட்ட மறுத்தனர். சோஷலிஸ்டுகள் பேசிவந்த தொழிலாளர் பலம் என்பது அதுதான். பிறகு இலட்சக்கணக்கானோர் ஒரு சனிக்கிழமை நடந்து போய், திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினர். முப்பத்து மூன்றாம் நாள் பக்தாத் மீது குண்டு விழுந்தது.