தானே திருத்திக்கொண்ட பேரேடு



சம்பள நாளுக்கு முந்திய இரவில் தோட்டத்து ஆபிஸில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செக்ரோலை விரித்து வைத்துக்கொண்டு, பேர் பேராக நாள் கணக்கைக் கூட்டி, பிடித்தம் போகக் கழித்து, பக்கத்தின் அடியில் மொத்தத் தொகையைக் கிராணியார் எழுதுவார். யாரோ ஒருவருக்கு ஒரு நாள் விட்டுப்போனது அதன் பிறகு தெரியவந்தால் என்ன ஆகும்? அந்த ஓர் எண்ணை மட்டும் திருத்தினால் போதாது. அந்த வரியின் கூட்டுத்தொகை மாறும். பக்கத்தின் தொகை மாறும். அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோன தொகையும் மாறும். சிவப்பு மையால் அடித்து அடித்து எழுத வேண்டும்.

இந்தத் தொல்லை நம் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. உலகத்தில் பேரேடு எழுதிய அனைவருக்கும் இருந்தது. அது நீங்கிய வரலாற்றைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

1978ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் டான் பிரிக்லின் என்ற இளைஞர் படித்துக்கொண்டிருந்தார். அங்கே வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டு வரவு, செலவு, இலாபம் என்று எண்களை நிரப்புவார். நடுவில் ஓர் எண் தவறு என்று தெரிந்தாலோ, விலையைச் சற்று மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றினாலோ, கீழே உள்ள எண்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்து மறுபடியும் எழுத வேண்டும். பெரிய கல்லூரியானால் என்ன, அங்கேயும் நம் கிராணியார் பட்ட பாடுதான்!

பிரிக்லின் அதற்கு முன் ஒரு கணிப்பொறிக் கம்பெனியில், கடிதங்களைத் திரையிலேயே எழுதித் திருத்தும் முறையை அமைக்கும் வேலை பார்த்தவர். திரையில் ஒரு சொல்லை நுழைத்தால் மற்றச் சொற்கள் தாமே நகர்ந்து இடம் கொடுப்பதை அவர் கண்டிருந்தார். எழுத்துக்கு இது முடியுமானால் எண்ணுக்கு ஏன் முடியாது? இந்தக் கேள்விதான் அவரை விடவில்லை.

ஒன்றை இங்கே நாம் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கணிப்பொறி கணக்குப் போடுவது அப்போது புதுமை அன்று. இலண்டனில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் என்னும் கம்பெனி, தனக்கென்று லியோ என்ற கணிப்பொறியையே கட்டி, 1954இல் தன் ஊழியர்களின் சம்பளத்தை அதிலே போட்டது. தேர்ந்த எழுத்தர் ஒருவர் 8 நிமிடத்தில் போடும் ஓர் ஆளின் சம்பளக் கணக்கை அது ஒன்றரை விநாடியில் முடித்ததாம். ஆகவே வேகம் பழைய கதை. ஆனால் அத்தகைய இயந்திரம் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். அதனை ஏவத் தனி நிபுணர்கள் வேண்டும். ஒரு சிறு கடைக்காரர் அதன் பக்கம் போக முடியுமா?

1977இல் ஆப்பிள் 2 என்ற சிறு கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. மேசைமீது வைக்கக்கூடியது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பலருக்கு விளங்கவில்லை. விளையாட்டுப் பொருள் என்று எண்ணியவர்களும் உண்டு. பிரிக்லின் அதைத்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய நண்பர் பாப் பிராங்க்ஸ்டன் தம் வீட்டுப் பரணறையில் உட்கார்ந்து அதற்கான நிரலை எழுதினார். எழுதுவதற்கு ஒரு பெரிய கணிப்பொறியை வாடகைக்குப் பயன்படுத்த வேண்டியிருந்தது. பகலில் வாடகை அதிகம், இரவில் குறைவு. ஆதலால் அவர் இரவெல்லாம் விழித்து எழுதினார்.

1979 அக்டோபரில் விசிகால்க் என்ற பெயரில் அது கைக்கு வந்தது. விலை ஏறக்குறைய 100 டாலர். திரையில் 63 பத்திகளும் 254 வரிகளும் கொண்ட ஒரு கட்டத் தாள். ஒரு கட்டத்தில் எண் இருக்கும். இன்னொரு கட்டத்தில், 'மேலே உள்ளவற்றைக் கூட்டு' என்ற கட்டளை இருக்கும். மேலே ஓர் எண்ணை மாற்றிய உடனே கீழே உள்ள தொகைகள் எல்லாம் கண்முன்னே தாமாக மாறும். சிவப்பு மைக்கு வேலையே இல்லை.

இதற்காகவே 2,000 டாலருக்கு மேல் கொடுத்து அந்த இயந்திரத்தை வாங்கினார்கள். மாட்டுக்காக வண்டி வாங்குவார்களா? இங்கே வாங்கினார்கள்! இதைக் கண்ட கணக்கர் ஒருவர், தாம் ஒரு வாரம் முழுதும் செய்யும் வேலை இதுதானே என்று சொல்லி நடுங்கியதாகப் பிரிக்லின் பின்னாளில் கூறியிருக்கிறார். மகிழ்ச்சியால் நடுங்கினார் என்றே அதைச் சொல்வது வழக்கம். நமக்கோ சிறிது ஐயம். ஒரு வாரத்து வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டால், மிச்ச நாள்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்ற எண்ணமும் அவருக்கு வந்திராதா?

கண்டுபிடித்தவர்கள் பெருஞ்செல்வர் ஆனார்களா என்றால், இல்லை. அந்நாளில் இத்தகைய நிரலுக்குக் காப்புரிமை கிடைப்பது அரிது என்று வழக்கறிஞர் சொன்னதால் அவர்கள் அதற்கு மனுச் செய்யவில்லை. 1983இல் லோட்டஸ் என்ற கம்பெனி அதே கருத்தில் இன்னும் வேகமான ஒன்றைக் கொண்டுவந்தது. 1985இல் பிரிக்லினின் கம்பெனியையே அது வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட்டின் எக்செல் வெளிவந்தது. இன்று நம் பிள்ளைகள் பள்ளியிலும் ஆபிஸிலும் திறக்கும் கணக்குத் தாள் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

தொகைகள் தாமே திருந்தும். ஆனால் கட்டளை தவறாக இருந்தால்? 2010இல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்ற இரு பெயர்பெற்ற பொருளியல் அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டுக்கு மேல் அரசுக் கடன் ஏறினால், அதன் வளர்ச்சி சராசரியாகப் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது என்பது அதன் முடிவு. அரசாங்கங்கள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் இதை ஆதாரமாகக் காட்டினார்கள். செலவைக் குறைப்பது என்றால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் பணமும் அதில் அடங்கும் அல்லவா?

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் பாடப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களையே கேட்டு அவர்களுடைய எக்செல் தாளை வரவழைத்துப் பார்த்தார். சராசரி எடுக்கும் கட்டளை பட்டியலின் கடைசி வரி வரை போகாமல் இடையிலேயே நின்றுவிட்டிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்ற ஐந்து நாடுகள் செக்ரோலில் பெயர் விட்டுப்போன ஆள்களைப் போல வெளியே நின்றன. இதைவிடப் பெரிய வேறுபாடு, சில நாடுகளின் சில ஆண்டுகளை விட்டதாலும் சராசரி எடுத்த முறையாலும் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டபோது வளர்ச்சி 2.2 விழுக்காடு என்று அவரும் அவருடைய ஆசிரியர் இருவரும் 2013இல் வெளியிட்டார்கள். ஐந்து வரிகள் விட்டுப்போனது உண்மைதான் என்று மூல ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் பொதுக் கருத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.