மூன்று கழிகள்

செர்வாண்டிஸின் கடைசி நாவல், அவர் இறந்த மறு ஆண்டு, 1617-ல் வெளிவந்தது. அதன் தலைப்பில் ‘திரபாஹோஸ்’ என்றொரு சொல் இருக்கிறது. இன்றைய ஸ்பானிஷில் ‘திரபாஹோ’ என்றால் வேலை. பெர்ஸிலெஸ், சிகிஸ்முண்டா என்ற காதலர் இருவரும் என்ன வேலை பார்த்தார்களோ என்று எண்ணிக்கொண்டுதான் புத்தகத்தைத் திறந்தேன். அவர்கள் ஒரு வேலையும் பார்க்கவில்லை. கப்பல் உடைந்தும், சிறைப்பட்டும், ரோமாபுரி போய்ச் சேரும் வரையில் பட்ட அவஸ்தைகள்தாம் கதை. தலைப்பிலுள்ள சொல்லுக்குத் துன்பம் என்பதே பொருள்.

துன்பம் எப்படி வேலையாயிற்று?

பிரெஞ்சில் ‘த்ராவாய்’, போர்த்துகீசில் ‘த்ரபால்யு’, இத்தாலியில் ‘திராவால்யோ’. எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. தாய், பிற்கால லத்தீனின் ‘திரிபாலியம்’. அதாவது மூன்று கழி என்பது பெரும்பாலோர் கொள்கை. மறுப்பவர்களும் உண்டு. பிரான்ஸில் ஓஸேர் நகரில் 6-ஆம் நூற்றாண்டில் கூடிய பாதிரிமார் சபை, குற்றவாளிகளை வதைக்கும் அந்தக் கழிகளருகே குருமார் நிற்கலாகாது என்று விதித்தது. லாடம் அடிக்கையில் குதிரை திமிறாதபடி பிணைக்கும் மரச்சட்டத்துக்கும் பிரெஞ்சில் இதே பெயர்தான்.

பழைய பிரெஞ்சில் இந்த வினைச்சொல்லுக்கு வதைத்தல் என்று பொருள். பிரசவ வலிக்கு இன்றும் அங்கே இதுதான் சொல். இத்தாலியர் வேலைக்கு ‘லவோரோ’ என்று வேறு சொல்லை வைத்துக்கொண்டு, இதை வேதனைக்கே விட்டுவிட்டார்கள். லத்தீன் வழிவந்த ருமேனிய மொழியோ வேலைக்கு ஸ்லாவிய அண்டை வீட்டாரிடம் ஒரு சொல்லைக் கடன் வாங்கிற்று. வேடிக்கை என்னவென்றால், அதற்கும் மூலப்பொருள் சித்திரவதைதான்!

இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை உலுக்கிய கட்டம் வேறு. 1848 பிப்ரவரியில் பாரிஸ் தொழிலாளர்கள் ‘த்ராவாய்’ எங்கள் உரிமை என்று முழங்கினார்கள். பிப்ரவரி 25-ந் தேதி அரசாங்கம் ஒப்புக்கொண்டு, தேசியப் பட்டறைகளைத் திறந்தது. ஜூன் மாதம் அவற்றைக் கலைக்க முற்பட்டதும் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. நான்கு நாள் சண்டையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வதைக்கும் கழியின் பெயரையே உரிமையென்று கேட்டு மனிதர்கள் உயிரை விட்டார்கள்! பட்டினி அதைவிடக் கொடிய வதை என்று அறிந்தவர்கள் அவர்கள்.

ஐரோப்பியனைப் பார்த்து நாம் சிரிப்பதற்கில்லை. நம் ‘பாடு’ என்ற சொல்லிலும் துன்பமும் உழைப்பும் ஒன்றாகவே குடியிருக்கின்றன. பாடுபடுகிறவனைத்தான் பாட்டாளி என்கிறோம். பட்டவன்தான் அந்தச் சொல்லைப் படைத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு அது தோன்றியிராது.