ஓசூரில் இது எந்த வருஷம்?

ஓசூர்ப் பக்கம் யார்கிட்டயாவது "அது எப்ப நடந்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. "செவன்டி ஃபோர்ல"ன்னு பதில் வரும். தெலுங்குக்காரர் கடைசியில 'லோ' போடுவார், கன்னடக்காரர் 'ரல்லி' போடுவார், நாம 'ல' போடுவோம். நடுவுல இருக்கற எண் மட்டும் மூணு பேருக்குமே பெரும்பாலும் இங்கிலீஷ்தான். ஆனா வீட்டுப் பெட்டியில கிடக்கற பழைய கிஸ்து ரசீது இந்தக் கணக்குல பேசாது. அதுல 'பசலி 1384'ன்னு இருக்கும். கி.பி. 1384ன்னு எடுத்துக்கிட்டா, விஜயநகரத்து இரண்டாம் ஹரிஹரர் காலத்துக்குப் போயிடுவோம் :-)

இந்த எல்லைப் பகுதியில வருஷக் குழப்பம் புதுசு இல்லை. கிருஷ்ணகிரி திப்பு சுல்தான் கையில இருந்தப்போ, 1787 வாக்கில் அவர் நாள்கணக்கையே மாத்தினார். நாணயங்களில் ஹிஜ்ரி 1201க்கு அடுத்து மௌலூதி 1215 வந்தது. இலக்கங்களையும் வலமிருந்து இடமாகப் பொறித்தார்கள். நம்ம பழக்கத்துல படிச்சா 5121!

1792 மார்ச் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளரா இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி போட்டார்கள். ஓசூர் 1799ல் திப்பு இறந்த பிறகு வந்து சேர்ந்தது. ஆட்சி கம்பெனியுடையது, ஆனா வரிக்கணக்கில் நின்றது முகலாயர் வழிவந்த பசலி ஆண்டு.

பசலின்னா விளைச்சல் சம்பந்தப்பட்டது. ஹிஜ்ரி சந்திர ஆண்டு, சூரிய ஆண்டைவிட சுமார் 11 நாள் குறைவு. அதை வச்சு வரி கேட்டா, சில வருஷத்துல அறுவடைக்கு முன்னாடியே தண்டல்காரர் வாசல்ல நிப்பார். அதனால அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி ஒரு சூரியக் கணக்கு வந்தது. தக்காணத்துக்கு அதைக் கொண்டுவந்தது ஷாஜஹான், 1636ல். அப்போ ஹிஜ்ரி 1046. கழிச்சுப் பாருங்க, 590. நம்ம ஊர் பசலியோட இன்னைக்கும் கூட்ட வேண்டியது அதே 590தான். சென்னை ராஜதானியில் முதலில் ஆடி மாசத்தை ஒட்டித் தொடங்கின பசலி, 1855லிருந்து ஜூலை 1க்கு மாறியது. 2025 ஜூலை 1ல் பசலி 1435 பிறந்தது.

இதுக்கு நடுவுல பெயர் சொல்லும் வருஷங்கள் வேற. 1876ல் தொடங்கின பெரும் பஞ்சத்தை இன்னும் தாது வருஷப் பஞ்சம்னுதான் சொல்றோம். பெயர் எல்லாருக்கும் ஒண்ணு, பிறக்கற நாள்தான் வேற. 2025ல் யுகாதி மார்ச் 30, சித்திரை ஒண்ணு ஏப்ரல் 14. நடுவுல பதினஞ்சு நாள், ஓசூர்ல ஒரே தெருவில் ஒரு வீட்டில் விசுவாவசு, பக்கத்து வீட்டில் குரோதி.

சரி, இதுல என்ன நஷ்டம்? சிப்காட் 1971ல் உருவாகி, ஓசூரில் தொழிற்பேட்டை வந்த பிறகு மானாவாரிக் காடெல்லாம் மனையாச்சு. பழைய ரசீதுகளுக்கு மதிப்பு வந்தது. பசலி 1384ங்கறது 1974 ஜூலை 1லிருந்து 1975 ஜூன் 30 வரை. மனுவை இங்கிலீஷ்ல எழுதறவர் 'இன் 1974'னு சுருக்கிட்டா பாதி வருஷம் காணாமப் போகும். உதாரணத்துக்கு, கிஸ்து கட்டினது 1975 மார்ச், அண்ணன் தம்பி பாகம் பிரிச்சது 1975 ஜனவரின்னு வைங்க. பாகத்துக்கு அப்புறம் கட்டின பணம், முன்னாடி கட்டினதா ஆயிடும்!

அதனால 'இன் பசலி 1384', பக்கத்திலேயே '1974-75'னு போடறதுதான் சரி. 'ஃப்ரம்'னு ஆரம்பிச்சா நடுவில் கோடு போதாது, 'டூ' வேணும். ரசீதில் நாள் இருந்தா 'ஆன்' போட்டு அந்த நாளையே எழுதணும். இது ஒண்ணும் அந்நிய இலக்கணம் இல்லை. நாமும் வருஷத்துக்கு '1975ல்', நாளுக்கு 'மார்ச் 18 அன்று'ன்னுதானே சொல்றோம்?

தாத்தா பெட்டியைத் திறக்கும்போது 590ஐ ஞாபகம் வச்சுக்குங்க. கூட்டினா கிடைக்கறது ஒரு வருஷம் இல்லை, ரெண்டு அரை வருஷம்.